வயிற்றுத் தமனிகளில் அரிய வீக்கம்: எந்தக் குழாயை மூடலாம், எதை மூடக் கூடாது?

பித்தப்பைக் கல்லுக்காகவோ முதுகுவலிக்காகவோ எடுக்கப்படும் சிடி ஸ்கேன் அறிக்கையின் கடைசிப் பத்தியில் சில வேளைகளில் ஒரு வரி இடம்பெறும்: மண்ணீரல் தமனியில் 2 செ.மீ. அளவில் வீக்கம் காணப்படுகிறது. ஸ்கேனுக்கு அனுப்பிய மருத்துவர் தேடியது கல்லை. நோயாளி தெரிந்துகொள்ள வந்ததும் கல்லைப் பற்றித்தான். கல்லுக்கான சிகிச்சை முடிந்ததும் அந்த வரி கோப்போடு கோப்பாக அலமாரிக்குள் போய்விடும் அபாயம் உண்டு. அந்த நோயாளி, குழந்தை பெறத் திட்டமிட்டுள்ள இளம்பெண்ணாக இருந்தால் அறிக்கையிலேயே மிக முக்கியமான வரி அதுவாகத்தான் இருக்கும்.

வயிற்று உள்ளுறுப்புகளுக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனிகளில் உண்டாகும் வீக்கத்தை மருத்துவ உலகம் 'விசரல் ஆர்ட்டரி அனியூரிசம்' என்று அழைக்கிறது. மக்களில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமே இது காணப்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. முன்பெல்லாம் இது பெரும்பாலும் வெடித்த பிறகோ உடற்கூறாய்விலோதான் தெரியவரும். இப்போது வேறு காரணத்துக்காக எடுக்கப்படும் ஸ்கேன்களில் தற்செயலாகச் சிக்குகிறது. அதனால், எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவரிடம் 'அறுவை சிகிச்சை செய்துகொள்ளுங்கள்' என்றோ, 'ஒன்றும் செய்ய வேண்டாம், கவனித்து வந்தால் போதும்' என்றோ சொல்ல வேண்டிய நிலை மருத்துவர்களுக்கு ஏற்பட்டுள்ளது. இரண்டுமே சரியான ஆலோசனையாக இருக்கக்கூடும். வீக்கம் எந்தத் தமனியில், அதன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

மகா தமனி வேறு, கிளைகள் வேறு

வயிற்றில் ரத்தக்குழாய் வீக்கம் என்றாலே பலரும் எண்ணுவது இதயத்திலிருந்து இறங்கி வரும் மகா தமனியின் வீக்கத்தைத்தான். இயற்பியலாளர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீனுக்கு இருந்தது அந்த வகை. 1948-இல் அறுவை சிகிச்சை நிபுணர் ருடால்ஃப் நிஸ்ஸென் அதன் மீது செலோபேன் தாளைச் சுற்றி வைத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1955 ஏப்ரலில் அது வெடித்து ஐன்ஸ்டீன் உயிரிழந்தார்.

இங்கே பேசப்படுவது அந்த மகா தமனியிலிருந்து பிரியும் கிளைகளைப் பற்றி. மேலே சீலியாக் தமனி. அது மண்ணீரலுக்கும் கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் பிரிந்து செல்கிறது. அதற்குச் சற்றுக் கீழே மேல் குடல் தமனி. சிறுகுடல் முழுவதையும் பெருங்குடலின் வலது பாதியையும் அதுவே ஊட்டுகிறது. அதற்கும் கீழே இரு பக்கமும் சிறுநீரகத் தமனிகளும், பெருங்குடலின் இடப்பகுதிக்கான கீழ்க் குடல் தமனியும் உள்ளன. இந்த வீக்கங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் மண்ணீரல் தமனியிலும் 20 சதவீதம் கல்லீரல் தமனியிலும் வருகின்றன. மேல் குடல் தமனியின் பங்கு சுமார் 5 சதவீதம். மீதமுள்ளவை சீலியாக் தமனி, கணையத்தைச் சுற்றியுள்ள சிறு தமனிகள் முதலியவற்றில் காணப்படுகின்றன. சிறுநீரகத் தமனி வீக்கங்கள் பெரும்பாலும் தனியாகவே கணக்கிடப்படுகின்றன.

தேய்ந்த சைக்கிள் டியூபில் ஓரிடம் மட்டும் புடைத்து நிற்பதை நினைத்துக்கொண்டால் வீக்கம் என்பது விளங்கும். புடைப்பு பெரிதாகப் பெரிதாக அதன் சுவரின் மீதான இழுவிசையும் கூடுகிறது, சுவரோ மெலிகிறது. தமனிச் சுவரின் மூன்று அடுக்குகளும் சேர்ந்து புடைத்தால் அது மெய்யான வீக்கம். சுவர் கிழிந்து, வெளியேறிய ரத்தத்தைச் சுற்றியுள்ள திசுக்கள் மட்டும் ஒரு பைபோலத் தாங்கி நின்றால் அது போலி வீக்கம். பெயரில்தான் போலி, ஆபத்தில் இதுவே மூத்தது. கணைய அழற்சி, விபத்துக் காயம், முந்தைய அறுவை சிகிச்சை ஆகியவற்றால் உண்டாகும் போலி வீக்கம் சிறியதாக இருந்தாலும் காத்திருக்காமல் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ நிலைப்பாடு.

அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு 1881 ஜூலை 2-ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டு, 79 நாட்கள் கழித்து இறந்தார். குண்டைத் தேடி மருத்துவர்கள் காயத்தைத் திரும்பத் திரும்பக் கிளறினர். அலெக்சாண்டர் கிரஹாம் பெல் உலோகம் கண்டறியும் கருவி ஒன்றைக்கூடக் கொண்டுவந்து பார்த்தார். உடற்கூறாய்வில், குண்டு கணையத்தின் அருகே தங்கியிருந்ததும், மண்ணீரல் தமனியில் உருவான போலி வீக்கம் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் பெருகியிருந்ததும் தெரியவந்தன. காயத்தில் பரவிய கிருமித்தொற்றும் அவரது உடலை உருக்குலைத்திருந்தது. இன்று ஒரு சிடி ஆஞ்சியோகிராம் சில நிமிடங்களில் காட்டிவிடும் வீக்கம் அது.

கடைமடைக்குத் தண்ணீர் போகுமா?

இந்த வீக்கங்களுக்கான சிகிச்சை முறைகள் பல. ஆனால் அவை அனைத்துக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்விதான். ஓர் ஊரின் வாய்க்கால் கரை உடையும் நிலையில் இருந்தால், மடையை அடைத்துவிடுவது எளிது. அடைத்த பின் கடைமடை வயலுக்கு வேறு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் போகுமா என்பதைப் பார்த்த பிறகே அடைக்க வேண்டும். வேறு வழி உண்டென்றால் வீங்கிய தமனியை இருபுறமும் கட்டிவிடலாம். வேறு வழி இல்லையென்றால் வீங்கிய பகுதியை நீக்கி, அந்த இடத்தில் புதிய குழாயைப் பொருத்தியாக வேண்டும்.

இருபுறமும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயிற்றுத் தமனிகள் ஒன்றோடொன்று கிளைகளால் இணைந்தவை. ரத்தம் உள்ளே வரும் வாயை மட்டும் அடைத்தால், இணைப்புக் கிளைகள் வழியாக மறுபக்கத்திலிருந்து ரத்தம் எதிர்த்து வந்து வீக்கத்தை மறுபடியும் நிரப்பிவிடும். கத்தியால் செய்தாலும் கம்பிச் சுருளால் செய்தாலும் முன்வாசல், பின்வாசல் இரண்டையும் மூடுவது இதனால்தான்.

மண்ணீரல் தமனி: ஒரே தமனி, மூன்று விதமான அறுவை

கணையத்தின் மேல் விளிம்பை ஒட்டி, பாம்புபோல வளைந்து வளைந்து செல்லும் தமனி இது. 1770-இல் பிரெஞ்சு மருத்துவர் பொசியே ஓர் உடலை ஆய்வு செய்தபோது இதன் வீக்கத்தை முதன்முதலில் விவரித்தார். ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. பலமுறை கருவுற்ற பெண்களிடமும், போர்ட்டல் சிரையில் ரத்த அழுத்தம் உயர்ந்து மண்ணீரல் பெருத்தவர்களிடமும் கூடுதலாக வருகிறது. கர்ப்பகால ஹார்மோன்கள் தமனிச் சுவரைத் தளர்த்துவதும், அக்காலத்தில் ரத்த ஓட்டம் பெருகுவதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

இந்தியாவைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கல்லீரல் சுருக்கம் இல்லாமலேயே போர்ட்டல் அழுத்தம் உயரும் நோய்கள் இங்கே மேலை நாடுகளைவிட அதிகம். போர்ட்டல் சிரை சிறுவயதிலேயே அடைபட்டு, பெரிய மண்ணீரலோடு வளரும் பெண் குழந்தைகள் பின்னாளில் திருமணமாகித் தாய்மை அடைகின்றனர். ரத்த வாந்திக்கான சிகிச்சையில் முழுக் கவனமும் செல்லும்போது, மண்ணீரல் தமனியையும் ஒருமுறை பார்த்துவிடுவது பயனுள்ளது.

வீக்கம் தமனியின் தொடக்கப் பகுதியில் இருந்தால் அதன் இரு முனைகளையும் கட்டிவிடலாம். இரைப்பையிலிருந்து வரும் குறுந்தமனிகள் மண்ணீரலுக்கு ரத்தம் கொடுப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். தமனி நீளமாக நெளிந்திருந்தால் வீங்கிய துண்டை வெட்டி எடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பதும் உண்டு.

வீக்கம் நடுப்பகுதியில், கணையத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் கதை மாறுகிறது. பிரித்தெடுக்க முயன்றால் கணையம் காயப்பட்டு, அதன் செரிமான நீர் வயிற்றுக்குள் கசியும். எனவே வீக்கத்தை அப்படியே விட்டு, அதைத் திறந்து உள்ளிருந்தே வாய்களைத் தைத்து மூடுகின்றனர். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ருடால்ஃப் மாட்டாஸ் 1888-இல் ஒருவரின் கைத் தமனி வீக்கத்துக்குச் செய்து காட்டிய முறையின் வழித்தோன்றல் இது. தமனியைத் தேடிச் சுற்றிலும் அறுக்காமல், பையின் உள்ளேயே நின்று வேலையை முடிப்பது அதன் நுட்பம்.

மண்ணீரலின் வாயில் பகுதியிலேயே வீக்கம் இருந்தால் பெரும்பாலும் மண்ணீரலையும் சேர்த்தே அகற்ற நேரிடுகிறது. சிலருக்குக் கணையத்தின் வால்பகுதியையும் எடுக்க வேண்டியிருக்கும். இவற்றில் பலவும் இன்று லேப்ராஸ்கோப்பி மூலம் சிறு துளைகள் வழியாகவே செய்யப்படுகின்றன. மண்ணீரல் இல்லாதவர்களுக்கு நிமோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் மின்னல் வேகத்தில் தொற்றும். ஆகவே நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகளைத் திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாகவும், அவசர அறுவையாக இருந்தால் இரண்டு வாரம் கழித்தும் போட வேண்டும். இந்த நாள் கணக்கை நோயாளியும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

கர்ப்பிணிகளிடம் ஏன் காத்திருப்பதில்லை?

மண்ணீரல் தமனி வீக்கம் மெய்யானதாகவும், 3 செ.மீ.க்குக் குறைவாகவும், அறிகுறியற்றும், வளராமலும் இருந்தால் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும் என்று அமெரிக்க ரத்தநாள அறுவை சிகிச்சைச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதே வழிகாட்டுதல், கருவுறும் வயதுப் பெண்களுக்கு அளவு எதுவாயினும் சிகிச்சை அளிக்கப் பரிந்துரைக்கிறது. ஒரே வீக்கத்துக்கு இருவேறு விதிகள் இருப்பதன் காரணம், கர்ப்பகால வெடிப்பின் கொடுமைதான். பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் நிகழும் இவ்வெடிப்பில், பதிவான நேர்வுகளில் தாய்மார்களின் இறப்பு 70 சதவீதத்தை ஒட்டியும், சிசு இறப்பு 90 சதவீதத்தை ஒட்டியும் இருந்ததாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன.

நோயைக் கண்டறிவதில் ஏற்படும் தாமதமும் இதற்கு ஒரு காரணம். நிறைமாதக் கர்ப்பிணி திடீரென்று மேல்வயிற்று வலியால் துடித்து, ரத்த அழுத்தம் சரிந்து மயங்கினால் மகப்பேறு மருத்துவரின் மனதில் முதலில் எழுவது நஞ்சு பிரிதலோ கருப்பை கிழிதலோதான். அவசரமாக வயிற்றைத் திறந்தால் உள்ளே ரத்தம் நிறைந்திருக்கும். கருப்பையோ பழுதின்றி இருக்கும். அந்தக் கணத்தில் கை மேல்வயிற்றை நோக்கி, மண்ணீரல் பக்கம் செல்ல வேண்டும். சிசேரியனுக்குப் போடும் கீழ்வயிற்றுக் கீறலின் வழியாக அந்த இடம் எளிதில் எட்டாது என்பதும், பொது அறுவை சிகிச்சை நிபுணரை அழைக்க வேண்டும் என்பதும் நேரத்தைத் தின்னும் விஷயங்கள்.

சில நேர்வுகளில் இயற்கை ஓர் இடைவெளி தருகிறது. மருத்துவர்கள் இதை 'இரட்டை வெடிப்பு' என்கின்றனர். முதலில் கசியும் ரத்தம் இரைப்பைக்குப் பின்னால் உள்ள சிறிய அறைக்குள் தேங்கி, அங்கேயே உறைந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். வலி தணியும், ரத்த அழுத்தம் மீளும். நோயாளி தேறிவிட்டதாகத் தோன்றும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ அந்த அடைப்பு உடைந்து ரத்தம் வயிறு முழுவதும் பாயும். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெடிப்புகளில் இவ்வாறு நிகழ்வதாகச் சொல்லப்படுகிறது. காரணம் தெரியாமல் மயங்கித் தெளிந்த கர்ப்பிணியை, வலி நின்றுவிட்டது என்பதற்காக மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

கர்ப்பத்தின் நடுவே வீக்கம் கண்டறியப்பட்டாலும் பிரசவம் வரை தள்ளிப்போடாமல் சிகிச்சை அளிப்பதே பொதுவான அணுகுமுறை. கருவுறும் முன்பே கண்டறிந்து முடித்துவிட்டால் இந்த இக்கட்டே எழாது.

கல்லீரல் தமனி: பித்தநாளத்தை மறக்கக் கூடாது

வயிற்று வலி, மஞ்சள் காமாலை, பித்தநாளம் வழியாகக் குடலுக்குள் ரத்தக் கசிவு ஆகிய மூன்றையும் இணைத்து 1871-இல் ஜெர்மானிய மருத்துவர் குவின்கே விவரித்தார். இவை மூன்றும் ஒருசேர வெளிப்படுவது ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம்தான். அந்தக் காலத்தில் கிருமித்தொற்று பெரும் காரணமாக இருந்தது. இன்று விபத்துக் காயங்களும், கல்லீரலிலும் பித்தநாளத்திலும் செய்யப்படும் சிகிச்சைகளின் பக்கவிளைவாக ஏற்படும் போலி வீக்கங்களும் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பை அகற்றப்பட்ட சில வாரங்களில் ஒருவருக்கு மலம் கறுத்து, கண் மஞ்சளித்து, மேல்வயிறு வலித்தால் அதை வெறும் அல்சர் என்று கருதிவிடக் கூடாது. இது அபூர்வமானது; ஆனால் நாள்தோறும் எண்ணற்ற பித்தப்பை அறுவைகள் நடக்கும் நாட்டில் அபூர்வமும் அவ்வப்போது வாசலில் வந்து நிற்கும்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கைப் போர்ட்டல் சிரையே தருகிறது. எனவே தமனியை மூடினாலும் கல்லீரல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வீக்கம் பொதுக் கல்லீரல் தமனியில், அதாவது இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்குமான கிளை பிரிவதற்கு முன்பே இருந்தால், அந்தக் கிளை எதிர்த்திசையில் ரத்தம் கொண்டுவந்து கல்லீரலை ஊட்டும், ஆகவே கட்டிவிடலாம். அந்தக் கிளைக்கு அப்பால் இருந்தால் காலிலிருந்து எடுத்த சிரைத் துண்டைப் பொருத்தி ரத்த ஓட்டத்தை மீட்பதே விரும்பத்தக்கது. கல்லீரலின் உள்ளே இருந்தால் அந்தச் சிறு கிளையை மட்டும் அடைப்பர். முடியாதபோது கல்லீரலின் அப்பகுதியையே வெட்டி எடுப்பர்.

பித்தநாளங்கள் மட்டும் தமனி ரத்தத்தை நம்பியே வாழ்பவை. போர்ட்டல் சிரை அடைபட்டவர்களிடமும், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களிடமும், குறிப்பாகக் கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடமும் தமனியை மூடும் முடிவு பித்தநாளங்களை அழித்து, பொருத்திய கல்லீரலையே இழக்கச் செய்யக்கூடும். இவர்களுக்கு மறுசீரமைப்பே முதல் தெரிவு. மெய்யான கல்லீரல் தமனி வீக்கத்துக்கு 2 செ.மீ. என்பது சிகிச்சைக்கான எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

மேல் குடல் தமனி: அளவு பார்ப்பதில்லை

மண்ணீரல் இல்லாமல் வாழலாம். சிறுகுடல் இல்லாமல் வாழ்வது வேறு கதை. மேல் குடல் தமனியின் வீக்கம் வெடித்தாலும் ஆபத்து, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்தாலும் குடல் அழுகும் ஆபத்து. ஆதலால் இங்கு எந்த அளவாயினும் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. சாப்பிட்ட பின் வயிற்று வலி, உடல் மெலிவு, சில வேளைகளில் காய்ச்சல் ஆகியவை அறிகுறிகள்.

காய்ச்சலுக்குக் காரணம் உண்டு. இதய வால்வில் கிருமித்தொற்று உள்ளவர்களிடம் அங்கிருந்து பிரிந்து வரும் கிருமித் துணுக்குகள் இந்தத் தமனியின் சுவரில் ஒட்டி அதை அரிக்கின்றன. ருமாட்டிக் இதய நோய் இன்னும் ஒழியாத இந்தியாவில் இது ஏட்டளவிலான சாத்தியமாக நின்றுவிடுவதில்லை. இத்தகைய கிருமித்தொற்று வீக்கத்தை அமெரிக்காவின் மைக்கேல் டிபேக்கி, டென்டன் கூலி இருவரும் வெற்றிகரமாக அகற்றியதை 1953-இல் பதிவு செய்தனர்.

அறுவை அரங்கில் முடிவு எடுக்கப்படும் விதம் கவனிக்கத்தக்கது. தமனியைத் தற்காலிகமாகக் கவ்வியால் பிடித்துவிட்டு மருத்துவர்கள் காத்திருக்கின்றனர். குடல் இளஞ்சிவப்பாகவே இருக்கிறதா, கருநீலமாகிறதா, அதன் விளிம்பில் நாடி துடிக்கிறதா, டாப்ளர் கருவியில் ரத்த ஓட்டத்தின் ஒலி கேட்கிறதா என்று பார்க்கின்றனர். கிளைகள் போதிய ரத்தம் தருகின்றன என்றால் கட்டிவிடலாம். இல்லையெனில் சிரை ஒட்டு வைத்தாக வேண்டும். தொற்று உள்ள இடத்தில் செயற்கைக் குழாய் வைத்தால் கிருமி அதிலும் குடியேறும் என்பதால் நோயாளியின் சொந்தச் சிரையே விரும்பப்படுகிறது. குடலின் நிலையில் ஐயம் இருந்தால் ஓரிரு நாளில் வயிற்றை மறுபடியும் திறந்து பார்ப்பதுண்டு. இது சிகிச்சை தோற்றதன் அடையாளம் அன்று, தொடக்கத்திலேயே திட்டமிடப்படுவது. குடும்பத்தாரிடம் இதை முன்கூட்டியே விளக்கிவிட்டால் வீண் பதற்றம் குறையும்.

கணையத்தைச் சுற்றி

நாட்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களிடம், கணையத்தின் செரிமான நீர் அருகிலுள்ள தமனியை அரித்துப் போலி வீக்கத்தை உண்டாக்குகிறது. மதுப்பழக்கம் இதற்குப் பெரிய காரணம். கேரளத்தில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் விரிவாக ஆவணப்படுத்திய வெப்பமண்டலக் கணைய அழற்சியோ மது அருந்தாத இளையோரையும் தாக்கக்கூடியது. வீக்கத்திலிருந்து கசியும் ரத்தம் கணைய நாளம் வழியாகக் குடலுக்குள் விட்டுவிட்டு இறங்குவதால், எண்டோஸ்கோப்பி செய்யும் நேரத்தில் கசிவு நின்றிருக்கலாம். ரத்தசோகை திரும்பத் திரும்ப வந்தும் எண்டோஸ்கோப்பியில் எதுவும் தெரியாத கணைய நோயாளிக்குச் சிடி ஆஞ்சியோகிராம் தேவைப்படுவது இதனால்தான். இங்கே முதலில் கையாளப்படுவது குழாய்வழி அடைப்பு. அது பலிக்காதபோதே தமனியைக் கட்டுதல் அல்லது கணையத்தின் ஒரு பகுதியை நீக்குதல் என்ற பெரிய அறுவைகள்.

இதே பகுதியில் மெய்யான வீக்கமும் வருவதுண்டு. உதரவிதானத்தின் நார்ப்பட்டை ஒன்று சீலியாக் தமனியை அழுத்தி நெருக்கினால், கணையத்தைச் சுற்றியுள்ள சிறு தமனிகள் கூடுதல் ரத்தத்தைச் சுமந்து வீங்குகின்றன. இவை சிறியதாக இருக்கும்போதே வெடிக்கக்கூடியவை, செ.மீ. கணக்கு இங்கு உதவாது. இவற்றை மூடும் முன், கல்லீரலுக்கான ரத்தம் இந்த மாற்றுவழியில்தான் போகிறதா என்று பார்ப்பது அவசியம்.

கத்தியா, கம்பியா?

தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஊசியால் துளையிட்டு, நுண்குழாயைத் தமனிக்குள் செலுத்தி, பிளாட்டினம் போன்ற உலோகச் சுருள்களையோ பசையையோ வைத்து வீக்கத்தை அடைப்பது எம்போலைசேஷன். ரத்த ஓட்டத்தைக் காக்க வேண்டிய இடத்தில் உறை பூண்ட ஸ்டென்ட் வைத்து வீக்கத்தை மட்டும் ஒதுக்கிவிடலாம். ஆனால் மிக நெளிந்த தமனிக்குள் அந்த விறைப்பான ஸ்டென்ட்டைக் கொண்டு செல்வது கடினம். உடற்கூறு இடம்கொடுத்தால் இன்று பெரும்பாலான மையங்களில் இந்த முறைக்கே முன்னுரிமை. வயிற்றைத் திறப்பதில்லை, சில நாட்களில் வீடு திரும்பலாம்.

அதற்கான விலையும் உண்டு. அடைக்கப்பட்ட வீக்கத்துக்குள் மீண்டும் ரத்தம் நுழையக்கூடும் என்பதால் தொடர் ஸ்கேன்களும் சிலருக்கு மறுசிகிச்சையும் தேவைப்படுகின்றன. மண்ணீரலின் ஒரு பகுதி ரத்தமின்றிச் செயலிழந்து சில நாட்கள் காய்ச்சலும் வலியும் தரலாம். திறந்த அறுவை முதலில் உடலை அதிகம் வருத்தும். பலன் நீடித்து நிற்கும். இளம் வயதினர், தொற்றுள்ள வீக்கம், மறுசீரமைப்பு தேவைப்படும் தமனி ஆகிய நிலைகளில் கத்திக்கு இன்னும் இடம் இருக்கிறது.

சிறுநீரகத் தமனியின் கிளைகளில் சிக்கலான வீக்கம் இருந்தால் சிறுநீரகத்தையே வெளியே எடுத்து, குளிரூட்டி, தமனியைச் சீரமைத்து, அதே நோயாளியின் இடுப்புப் பகுதியில் மீண்டும் பொருத்தும் அறுவையும் நடைமுறையில் உள்ளது.

இரண்டுமே வேண்டாத நோயாளிகளும் இருக்கின்றனர். பாலிஆர்ட்டரைட்டிஸ் நோடோசா என்ற தமனி அழற்சியில் பல தமனிகளில் கடுகளவு வீக்கங்கள் தோன்றும். ஹெபடைட்டிஸ் பி தொற்றோடு தொடர்புடைய இந்நோயில் ஸ்டீராய்டு உள்ளிட்ட மருந்துகளும் வைரஸ் எதிர்ப்பு மருந்துகளுமே முதன்மைச் சிகிச்சை. அவற்றால் வீக்கங்கள் மறைந்ததும் பதிவாகியுள்ளது. பிறவியிலேயே தமனிச் சுவர் மிக மெலிந்த எலர்ஸ்-டான்லாஸ் நோயின் ரத்தநாள வகையில் தையலே சுவரைக் கிழித்துவிடும் என்பதால் மிகுந்த எச்சரிக்கை தேவை.

வெடித்துவிட்டால்

நோயாளியின் நிலை ஓரளவு தாங்குமானால் சிடி ஆஞ்சியோகிராம் எடுத்து நேரடியாக எம்போலைசேஷனுக்குக் கொண்டு செல்கின்றனர். தாங்காத நிலையில், வயிற்றைத் திறந்து உதரவிதானத்தின் அடியில் மகா தமனியையே கவ்வியால் பிடித்து ரத்தப்போக்கை நிறுத்துவது முதல் வேலை. அதன் பிறகே வீக்கத்தைத் தேடுவது. கவ்வி இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் குடலும் சிறுநீரகமும் பட்டினி கிடக்கின்றன. மண்ணீரல் தமனி என்றால் அதைக் கட்டி மண்ணீரலை அகற்றுவதே விரைவான வழி. அந்த வேளையில் மண்ணீரலைக் காப்பாற்றும் நுட்பங்களுக்கு நேரமில்லை.

ரத்தநாள அறுவை நிபுணர்களும் குழாய்வழிச் சிகிச்சை செய்யும் கதிரியக்க நிபுணர்களும் பெருநகரங்களிலேயே குவிந்திருப்பது இந்தியாவின் நடைமுறைச் சிக்கல். மாவட்ட மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படும் நோயாளியோடு ஸ்கேன் அறிக்கைத் தாள் மட்டும் வந்தால், பெரிய மையத்தில் படத்தை மறுபடியும் எடுக்க நேரிடும். முழுப் படங்களும் அடங்கிய குறுந்தகடு கையில் இருந்தால் அந்த நேரம் மிச்சமாகும். ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை குடும்பத்துக்குக் காப்பீடு தரும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் உள்ளவர்கள், சுருள்களும் ஸ்டென்ட்டும் தங்கள் சிகிச்சைத் தொகுப்பில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் ஆரோக்கிய மித்ராவிடம் முன்பே கேட்டறியலாம்.

கண்காணிப்பில் வைக்கப்பட்டவர்கள் ஒவ்வோர் ஆண்டும் முந்தைய படத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும்; இவ்வளவு இருக்கிறது என்பதைவிட, சென்ற ஆண்டைவிட எவ்வளவு கூடியது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. உலோகச் சுருள் வைக்கப்பட்டவர்களுக்குச் சிடி ஸ்கேனில் அந்த உலோகம் வெள்ளைக் கீற்றுகளாகப் படத்தை மறைக்கும். அவர்களுக்கு எம்ஆர் ஆஞ்சியோகிராம் அல்லது டாப்ளர் ஸ்கேன் பொருத்தமாக இருக்கும் என்பதால், உள்ளே வைக்கப்பட்டது என்ன சுருள் என்று எழுதித் தரப்படும் அட்டையை ஸ்கேன் மையத்தில் முதலிலேயே காட்ட வேண்டும்.